மாற்றுக் கிட்னி: ‘இன்னுமா பழகல?’ – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2016-இல் அக்காவின் கிட்னி ஒன்றை எனக்கு வைத்தார்கள். அதற்கு முன் இரண்டு வருஷம், வாரத்துக்கு மூன்று நாள், கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பஸ் ஏறி டயாலிசிஸ் செய்துகொண்டேன். இன்றும் செக்கப்புக்குப் போனால் அதே வராந்தாதான். முகங்கள் மட்டும் புதிது, கேள்விகள் பழையவை. திருப்பாதிரிப்புலியூரில் நான் வைத்திருக்கும் சின்ன அச்சகத்துக்கும் தேடி வந்து கேட்கிறார்கள். நான் டாக்டர் இல்லை. நாலு மணி நேரம் மெஷினோடு கட்டிக் கிடந்தபோது படித்ததையும், என் டாக்டரை நச்சரித்துத் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன். உங்கள் மாத்திரை விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதே முடிவு.

சார், மாத்துக் கிட்னி வச்சா பழசை எடுத்துடுவாங்களா?

பெரும்பாலும் எடுப்பதில்லை. பழையவை இரண்டும் முதுகுப் பக்கம் சுருங்கிப்போய் அப்படியே கிடக்கும். புதியதை முன்பக்கம் அடிவயிற்றில், இடுப்பெலும்புக்கு உள்ளே வைத்து, காலுக்குப் போகும் ரத்தக் குழாயோடு இணைப்பார்கள். ஆக எனக்கு மூன்று கிட்னி. பஸ் கூட்டத்தில் யாருடைய பையாவது இடிக்க வந்தால் கை தானாக வலது அடிவயிற்றுக்குப் போய்விடும். தீராத தொற்று இருந்தாலோ, நீர்க்கட்டியால் கிட்னி மிகவும் பெருத்திருந்தாலோ மட்டும் பழையதை எடுக்க வேண்டி வரலாம்.

ஒன்பது வருஷமாச்சேப்பா, இன்னுமா மாத்திரை? உடம்புக்கு இந்நேரம் பழகியிருக்காதா?

இந்தப் பக்கத்தை எழுத வைத்ததே இந்தக் கேள்விதான். கல்யாண வீட்டில் கேட்பார்கள், டீக்கடையில் கேட்பார்கள். ஒருமுறை பத்திரிகை அச்சடிக்க வந்தவர், புரூஃப் பார்ப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

பழகாது. புதுச் செருப்பு பழகும், புது ஊர் பழகும். கிட்னி அந்தக் கணக்கில் வராது. ரத்தத்தில் சுற்றும் வெள்ளையணுக்களில் ஒரு வகை, எதிரே வரும் ஒவ்வொரு செல்லின் மேலும் இருக்கும் அடையாளத்தைத் தடவிப் பார்த்து ‘நம்ம ஆளா, வெளியாளா’ என்று சோதிக்கிறது. அக்கா கிட்னியின் ஒவ்வொரு செல்லிலும் அக்காவின் அடையாளம்தான் இருக்கிறது. ஒன்பது வருஷமானாலும் அது மாறாது. சோதிக்கும் அணுக்களோ பழசு போகப் புதுசாக வந்துகொண்டே இருக்கும். அதாவது வாட்ச்மேன் மாறிக்கொண்டே இருக்கிறார், வந்தவரிடம் இருப்பது அதே வெளியூர் அட்டை.

முதல் சில மாதங்களில்தான் எதிர்ப்பு மிக வேகமாக இருக்கும். அதனால் அப்போது மாத்திரை அளவு அதிகம், அப்புறம் படிப்படியாகக் குறைப்பார்கள். இப்படிக் குறைவதைப் பார்த்துத்தான் ‘பழகிவிட்டது, சீக்கிரம் நிறுத்திவிடலாம்’ என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். குறைப்பார்களே தவிர நிறுத்த மாட்டார்கள்.

கூடப் பொறந்த அக்கா கிட்னிதானே? ஒரே ரத்தம்தானே? அதையும் ஏன் எதிர்க்குது?

ஒரே ரத்தம் என்பது பாசத்துக்குச் சரி. மேலே சொன்ன அடையாளத்துக்கு எச்எல்ஏ என்று பெயர். அது ஆறாவது குரோமோசோமில் எழுதியிருக்கிறது. அப்பாவிடமிருந்து ஒரு கட்டு, அம்மாவிடமிருந்து ஒரு கட்டு. அப்பாவிடம் இரண்டு கட்டு இருக்கும், அதில் ஒன்றைத்தான் நமக்குத் தருவார். அம்மாவும் அப்படியே. ஆகவே கூடப் பிறந்த இருவருக்கு இரண்டு கட்டும் ஒத்துப்போக நாலில் ஒரு வாய்ப்பு, ஒன்று மட்டும் ஒத்துப்போக நாலில் இரண்டு, எதுவுமே ஒத்துப்போகாமலிருக்க நாலில் ஒன்று. எனக்கும் அக்காவுக்கும் பாதி.

இரண்டு கட்டும் ஒத்துப்போனாலும் வேறு சின்னச் சின்ன அடையாளங்கள் மாறுபடும். அதனால் அங்கேயும் மாத்திரை உண்டு.

அப்போ ரெட்டைப் புள்ளைங்கன்னா?

ஒரே கருவிலிருந்து பிரிந்த, அச்சு அசலான இரட்டையர் என்றால் கதையே வேறு. 1954 டிசம்பர் 23 அன்று அமெரிக்காவின் பாஸ்டனில் ஜோசப் மர்ரி என்ற சர்ஜன் செய்து வெற்றி கண்ட முதல் கிட்னி மாற்று அப்படிப்பட்ட இரட்டையருக்குள் நடந்ததுதான். உடம்புக்கு அது வெளியாளாகவே தெரியவில்லை. இன்றைக்கு இருக்கும் மாத்திரை எதுவும் அப்போது கிடையாது, தேவையும் படவில்லை. மர்ரிக்கு 1990-இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் பக்கம் வேலூர் சிஎம்சியில் 1971-இல் கிட்னி மாற்று வெற்றிகரமாக நடந்தது.

நம்ம ஊர்ல முந்திரிக்கு ஒட்டுக்கட்டறோம், பிடிச்சுக்குதே. மனுஷனுக்கு மட்டும் ஏன் பிடிக்கல?

பண்ருட்டிக்காரர் ஒருவர் கேட்டது. இதைவிட நல்ல கேள்வி என்னிடம் வந்ததில்லை. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்து வி.ஆர்.ஐ. 3 முந்திரியை அவர் தன் கொல்லையில் ஒட்டுச்செடியாகத்தான் நட்டிருக்கிறார். வேர் ஒரு மரத்துடையது, காய் இன்னொரு மரத்துடையது, சண்டை இல்லை.

செடிக்கும் நோய் எதிர்ப்பு உண்டு. ஆனால் நம்மைப் போல ரத்தத்தில் ரோந்து சுற்றி, ஒருமுறை பார்த்த முகத்தை நினைவில் வைத்துத் திரும்ப வந்து அடிக்கும் அணுக்கள் அதற்குக் கிடையாது. வெட்டுவாயில் திசு இணைந்து தண்ணீரும் சத்தும் ஓடினால் போதும். அங்கேயும் நெருங்கிய உறவுக்குள்தான் பிடிக்கும். மாவில் கொய்யாவை ஒட்ட முடியாது. அவரிடம் இதைச் சொன்னபோது, “அப்ப மரமா பொறந்திருக்கலாம் சார்” என்றார்.

இதையெல்லாம் யார் கண்டுபிடிச்சாங்க? உடம்பு எதிர்க்குதுன்னு எப்படித் தெரிஞ்சுது?

பீட்டர் மெடவார் என்பவர். 1915-இல் பிரேசிலில் பிறந்தவர், அப்பா லெபனான்காரர், அம்மா ஆங்கிலேயர். ஆக்ஸ்ஃபோர்டில் படித்தது விலங்கியல். மருத்துவரே இல்லை. இரண்டாம் உலகப் போரில் தீக்காயத்தோடு வருபவர்களுக்கு ஒட்டத் தோல் போதவில்லை. அடுத்தவர் தோலை ஒட்டினால் சில நாளில் உதிர்ந்துவிடுகிறது. ஏன் என்று பார்க்க அவரை கிளாஸ்கோ ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே தாமஸ் கிப்சன் என்ற சர்ஜனோடு சேர்ந்து, தீக்காயம் பட்ட ஓர் இளம்பெண்ணுக்கு அவளுடைய சகோதரனின் தோலைச் சின்னச் சின்னத் துண்டுகளாக ஒட்டினார்கள். உதிர்ந்தது. அதே சகோதரனின் தோலையே இரண்டாம் முறை ஒட்டினார்கள். முதல் தடவையைவிடச் சீக்கிரம் உதிர்ந்தது.

அந்தச் ‘சீக்கிரம்’ என்பதில்தான் விஷயமே இருக்கிறது. தையல் கோளாறு என்றால் இரண்டு தடவையும் ஒரே மாதிரி நடந்திருக்கும். இரண்டாம் முறை வேகம் கூடியது என்றால் உடம்பு முதல் தடவையை நினைவில் வைத்திருக்கிறது என்று அர்த்தம். தடுப்பூசி போட்டால் நடப்பதும் இதேதான். 1943-இல் இருவரும் இதை வெளியிட்டார்கள். கூடப்பிறந்தவர் தோலையே உடம்பு தள்ளியது என்பதை டயாலிசிஸ் கட்டிலில் படித்த அன்று, அக்காவுக்குப் போன் செய்ய வேண்டும் போல இருந்தது. செய்யவில்லை.

அடுத்தது மாட்டுக் கதை. இரட்டைக் கன்றுகளில் எவை அச்சு அசல், எவை வெறும் கூடப்பிறப்பு என்று பிரிக்கத் தோலை மாற்றி ஒட்டிப் பார்க்கலாம் என்றார் மெடவார். ஒட்டிப் பார்த்தால் அச்சு அசலாக இல்லாத கன்றுகளும் ஒன்றின் தோலை மற்றொன்று ஏற்றுக்கொண்டன. காரணத்தை ரே ஓவன் என்ற அமெரிக்கர் 1945-லேயே பாதி சொல்லியிருந்தார். இரட்டைக் கன்றுகளுக்கு வயிற்றுக்குள் நஞ்சுக்கொடி வழியாக ரத்தம் கலந்துவிடுகிறது. பிறக்கும் முன்பே பார்த்த முகம் என்பதால் பிறந்த பிறகு அதை வெளியாளாக நினைப்பதில்லை.

சரி, இயற்கையில் நடப்பதை நாமே செய்ய முடியுமா? மெடவார், பில்லிங்ஹாம், பிரெண்ட் மூவரும் வயிற்றிலிருக்கும் பழுப்பு எலிக்குஞ்சுகளுக்கு வெள்ளை எலி வகையின் செல்களை ஊசியால் செலுத்தினார்கள். பிறந்து வளர்ந்த பின் வெள்ளை எலியின் தோலை ஒட்டினார்கள். அவர்கள் விவரித்த முதல் சோதனையில் ஐந்து குஞ்சுகள், அதில் மூன்று ஏற்றுக்கொண்டன. பழுப்பு எலியின் உடம்பில் ஒரு வெள்ளைத் திட்டு முடியோடு வளர்ந்து நிற்கும் படத்தை ஒருமுறை பார்த்தால் மறக்காது. வேறொரு வகை எலியின் தோலை ஒட்டினால் அதே எலிகள் வழக்கம்போல் உதறித் தள்ளின. ஆக எதிர்ப்பு சக்தி செத்துப்போகவில்லை. ஒரே ஒருவரை மட்டும் விட்டுவைக்கக் கற்றிருந்தது. இதைத்தான் சகிப்பு என்கிறார்கள். கட்டுரை வந்தது 1953-இல். இப்படி நடக்கலாம் என்று முன்பே கணித்த ஆஸ்திரேலியர் பர்னெட்டோடு சேர்த்து 1960-இல் மெடவாருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள்.

எலிக்குச் செஞ்சதை நமக்கும் செய்யலாமே? அறுபது எழுபது வருஷமாச்சே?

எலிக்குச் செய்தது அது பிறக்கும் முன். நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி இருக்கிறது, எதிர்ப்பு அணுக்களின் பள்ளிக்கூடம். சொந்த உடம்பையே தாக்கக்கூடிய அணுக்களை அங்கேயே ஒழித்துவிட்டு மற்றவற்றை வெளியே அனுப்பும். அந்தப் பள்ளி சுறுசுறுப்பாக இருக்கும் காலத்தில் வெளியாள் முகத்தைக் காட்டினால் அதுவும் ‘நம்ம ஆள்’ பட்டியலில் சேர்ந்துவிடும். நாற்பது வயதில் கிட்னி கெட்டு வரும் எனக்கு அந்தச் சுரப்பி பெரும்பாலும் கொழுப்பாக மாறியிருக்கும். எனக்கு யார் கிட்னி தருவார் என்பது அம்மா வயிற்றில் இருக்கும்போது யாருக்குத் தெரியும்?

பெரியவர்களுக்குச் செய்து பார்த்ததும் உண்டு. கிட்னியோடு, எதிர்ப்பு அணுக்கள் பிறக்கும் இடமான எலும்பு மஜ்ஜையையும் அதே ஆளிடமிருந்து எடுத்துச் சேர்த்து வைப்பது ஒரு வழி. பாஸ்டனில் ஐந்து பேருக்கு அப்படிச் செய்து, நாலு பேர் மாத்திரையை நிறுத்த முடிந்தது என்று 2008-இல் வெளியிட்டார்கள். ஐந்தாமவர் அந்தக் கிட்னியை இழந்தார். நிறுத்தியவர்களிலும் பின்னால் சிலர் மாத்திரைக்குத் திரும்ப வேண்டி வந்தது. நம் நாட்டில் அகமதாபாத்தில் எச்.எல். திரிவேதி இதற்காகவே பல வருஷம் உழைத்தார். கனடாவில் இருந்த நல்ல வேலையை விட்டுத் திரும்பி வந்தவர், 2019-இல் காலமானார். தானம் தருபவரின் ஸ்டெம் செல்களை முன்கூட்டியே செலுத்தி, மாத்திரையை முடிந்தவரை குறைப்பது அவர் வழி.

இவற்றுக்கெல்லாம் மஜ்ஜையை ஓரளவு அடக்கக் கடுமையான மருந்தோ கதிர்வீச்சோ வேண்டியிருக்கிறது. தினம் நாலு மாத்திரைக்குப் பயந்து அதில் இறங்குவதா என்று என் டாக்டரிடம் கேட்டேன். சிரித்தார். அதுவே பதில் என்று எடுத்துக்கொண்டேன்.

இந்த மாத்திரை என்னதான் பண்ணுது?

பெரும்பாலானோருக்கு மூன்று கூட்டு: டாக்ரோலிமஸ், மைக்கோபீனோலேட், பிரட்னிசோலோன். இதில் டாக்ரோலிமஸ்தான் தலைவர். வெளியாளைப் பார்த்த அணு மற்றவற்றைக் கூப்பிட ஒரு சத்தம் போடும். டாக்ரோலிமஸ் அந்தச் சத்தத்தை அமுக்கிவிடும். ஜப்பானில் சுகுபா மலைப் பக்கத்து மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து 1984-இல் எடுத்தது. அதற்கு முந்தைய சைக்ளோஸ்போரின் நார்வே மண்ணில் இருந்த ஒரு பூஞ்சையிலிருந்து வந்தது. நம் உயிர் இரண்டு பிடி மண்ணில் இருந்திருக்கிறது.

எலிக்குக் கிடைத்த சகிப்புக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்: எலி ஒருவரை மட்டும் விட்டுவைத்தது, மாத்திரை எல்லோரையும் விட்டுவைக்கச் சொல்கிறது. கிட்னியோடு சேர்த்துக் கிருமியையும். அதனால்தான் முகக்கவசம், கொதிக்க வைத்த தண்ணீர், காய்ச்சல் என்றால் உடனே போன்.

எதிர்ப்பு சக்திக்கு நிலவேம்பு, சீந்தில் ஏதாவது குடிக்கலாமா?

எதிர்ப்பைக் குறைக்க மாத்திரை விழுங்கிவிட்டு, அதைக் கூட்டக் கஷாயம் குடிப்பதா? ஒரு காலில் பிரேக், இன்னொரு காலில் ஆக்சிலரேட்டர். அதோடு சீந்தில் சிலருக்குக் கல்லீரலையும் கெடுத்திருக்கிறது.

கஷாயம் மட்டுமில்லை. டாக்ரோலிமஸைக் கல்லீரலும் குடலும் ஒரே நொதியால் உடைக்கின்றன. அந்த நொதியைத் தடுக்கும் எதுவானாலும் ரத்தத்தில் மருந்து ஏறிவிடும். மூன்றாவது வருஷம் தொண்டை வலிக்கு நானே ஒரு மருந்துக்கடையில் கேட்டு கிளாரித்ரோமைசின் வாங்கிப் போட்டேன். கிட்னி மாற்றியவன் என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. நாலாவது நாள் காலையில் டீ கிளாஸைத் தூக்கினால் விரல் நடுங்குகிறது. கிளாஸ் பல்லில் தட்டுகிறது. டீ சட்டையில் பாதி, மேசையில் இருந்த கல்யாணப் பத்திரிகைக் கட்டின்மேல் பாதி. மருந்து அளவு இருக்க வேண்டியதைப் போல மூன்று மடங்கு, கிட்னி வடிகட்டித் தள்ள வேண்டிய கழிவான கிரியேட்டினினும் ரத்தத்தில் ஏறியிருந்தது. சரியாக இரண்டு வாரம் ஆனது. பூஞ்சைக்குத் தரும் ஃப்ளுகோனசோலும் இதே வேலை செய்யும். பம்ப்ளிமாஸ் பழமும் அப்படியே. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் இதற்கு நேர் எதிர், மருந்தைச் சரித்துவிடும். வலி மாத்திரையில் டைக்ளோஃபினாக் கிட்னிக்கே ஆகாது.

ரத்த டெஸ்டுக்கு வர்ற அன்னைக்குக் காலை மாத்திரை போடாம வரச் சொல்றாங்க. பயமா இருக்கே?

விட்டுவிடச் சொல்லவில்லை, தள்ளிப்போடத்தான் சொல்கிறார்கள். ராத்திரி மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, அடுத்ததைப் போடும் முன் மருந்து எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். போட்டுவிட்டுப் போனால் அளவு தாறுமாறாக ஏறிக் காட்டும், அதை நம்பி டாக்டர் மாத்திரையைக் குறைத்துவிடுவார். நான் மாத்திரையைச் சட்டைப்பையில் வைத்து எடுத்துப்போவேன். ஊசி வெளியே வந்ததும் பஞ்சை அழுத்திக்கொண்டே இன்னொரு கையால் விழுங்குவேன்.

புயல், வெள்ளம் வந்து கடை மூடிட்டா?

கடலூர்க்காரர்கள் கேட்காமலிருக்க முடியாத கேள்வி. 2024-இல் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணை பெருகியபோது எங்கள் தெருவிலிருந்து இரண்டு நாள் வெளியே வர முடியவில்லை. அக்டோபர் பிறந்தால் ஒரு மாத மாத்திரை கூடுதலாக வாங்கி, மூடி இறுகும் பிஸ்கட் டப்பாவில் போட்டுப் பரண்மேல் வைத்துவிடுவேன். கம்பெனி மாற்றி வாங்காதீர்கள். வேறு வழியில்லாமல் மாற்றினால் டாக்டரிடம் சொல்லி மருந்து அளவைப் பார்த்துவிடுங்கள்.

பொண்டாட்டி புருஷனுக்குக் கொடுத்தா ஒத்துக்குமாம், புருஷன் பொண்டாட்டிக்குக் கொடுத்தா ஒத்துக்காதாமே? இதென்ன நியாயம்?

பாதி உண்மை. குழந்தையின் அடையாளத்தில் பாதி அப்பாவுடையது. கர்ப்பத்திலும் பிரசவத்திலும் அந்த அடையாளத்தைப் பார்த்த அம்மாவின் உடம்பு சில சமயம் அதற்கு எதிர்ப்புப் பொருள் தயாரித்து வைத்துவிடும். பிறகு அதே கணவனின் கிட்னி வந்தால், கிளாஸ்கோ பெண்ணுக்கு இரண்டாம் தோல் உதிர்ந்ததே, அந்த மாதிரிதான். அதற்காகத்தான் கிராஸ்மேட்ச்: தருபவரின் செல்லும் பெறுபவரின் ரத்தநீரும் ஒன்று சேர்ந்தால் என்ன ஆகிறது என்று முன்கூட்டியே பார்ப்பது. அது சரியாக வந்தால் கணவனும் தாராளமாகக் கொடுக்கலாம். கிட்னிக்குக் காத்திருப்பவர்களுக்கு ரத்தம் ஏற்றுவதைத் தவிர்க்கப் பார்ப்பதும் இதே காரணத்தால்தான்.

எனக்கு ஆச்சரியம் இன்னொன்று. பாதி வெளியாளான குழந்தையை அம்மாவின் உடம்பு பத்து மாதம் எப்படி விட்டுவைக்கிறது? மெடவார் 1953-லேயே இந்தக் கேள்வியை எழுப்பினார். இன்னும் அதில் ஆராய்ச்சி நடக்கிறது.

ஒருத்தர் மாத்திரையை நிறுத்திட்டு நல்லாத்தான் இருக்காராம். நானும் நிறுத்திப் பார்க்கட்டுமா?

வேண்டாம். அப்படிப்பட்டவர்கள் உலகத்தில் உண்டு, பொய் இல்லை. கல்லீரல் மாற்றியவர்களில் சிலருக்கு டாக்டர் கண்காணிப்பில் மெல்லக் குறைத்து நிறுத்த முடிந்திருக்கிறது. கல்லீரல் இந்த விஷயத்தில் சாது. கிட்னியில் இது மிக அபூர்வம், யாருக்கு வாய்க்கும் என்று முன்கூட்டிச் சொல்லும் பரிசோதனை இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை.

‘நல்லாத்தான் இருக்கார்’ என்பதற்கும் அர்த்தமில்லை. எதிர்ப்பு ஆரம்பிக்கும்போது பெரும்பாலும் வலிக்காது. மூத்திரம் போகும், பசிக்கும். கிரியேட்டினின் மட்டும் சத்தமில்லாமல் ஏறும். என்னோடு டயாலிசிஸில் இருந்து எனக்கு முன்னே கிட்னி வாங்கிக்கொண்டு போன ஒரு தம்பி, இரண்டு மாதம் மாத்திரையை விட்டுவிட்டுத் திரும்ப அதே கட்டிலுக்கு வந்தான். கொடுத்தது அவன் அம்மா.

2025 நோபல் பரிசு இதுக்குத்தான் கொடுத்தாங்களாமே? அப்ப மருந்து வந்துடுச்சா?

மருந்து வரவில்லை, வழி தெரிகிறது. தைமஸ் பள்ளியில் தப்பித்து வெளியே வரும் முரட்டு அணுக்களை அடக்கத் தனி அணுக்கள் இருக்கின்றன என்று ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி 1995-இல் காட்டினார். அவற்றுக்கு ஆதாரமான மரபணுவை மேரி பிரன்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெலும் 2001-இல் கண்டுபிடித்தார்கள். மூவருக்கும் சேர்த்துப் பரிசு. இந்தச் சமாதான அணுக்களை நோயாளியிடமிருந்தே எடுத்துப் பெருக்கித் திரும்பச் செலுத்தி, மாத்திரையைக் குறைக்க முடிகிறதா என்று வெளிநாடுகளில் சோதிக்கிறார்கள். நானும் ஆசையோடு படிக்கிறேன். படித்துவிட்டு மாத்திரையைப் போட்டுக்கொள்கிறேன்.

பன்னிக் கிட்னி வைக்கிறாங்களாமே?

2024 மார்ச்சில் பாஸ்டனில், மரபணு மாற்றிய பன்றியின் கிட்னியை உயிரோடிருக்கும் ஒருவருக்கு வைத்தார்கள். சுமார் இரண்டு மாதத்தில் அவர் இறந்துபோனார், கிட்னி எதிர்க்கப்பட்டதற்கு அறிகுறி இல்லை என்றார்கள். சோதனைகள் தொடர்கின்றன. பிள்ளையாருக்கு யானைத் தலை வைத்த கதையை இந்த இடத்தில் யாராவது நிச்சயம் எடுப்பார்கள். எடுக்கட்டும்.

கொடுத்த அக்கா எப்படி இருக்காங்க? அவங்களுக்கும் மாத்திரை உண்டா?

எல்லோரும் கடைசியில்தான் கேட்கிறார்கள். அவர் உடம்பில் வெளியாள் யாரும் இல்லையே, அதனால் இந்த மாத்திரை எதுவும் கிடையாது. மிச்சமிருக்கும் ஒரு கிட்னி கொஞ்சம் பெருத்துக் கூடுதலாக வேலை பார்க்கும். வருஷத்துக்கு ஒருமுறை பிரஷர், மூத்திரம், கிரியேட்டினின் பார்க்க வேண்டும். நான் கூட்டிப்போனால்தான் வருவார்.

நெல்லிக்குப்பத்தில் இருக்கிறார். ராத்திரி ஒன்பதுக்கு என் போனில் அலாரம் அடிக்கும், அடித்து முடிப்பதற்குள் அவர் போன் வந்துவிடும். “போட்டியா?” “போட்டாச்சுக்கா.” சில நாள் டப்பாவை அதற்கப்புறம்தான் திறப்பேன்.